தீனி தின்ற கரப்பான்கள்

வயிற்றைத் திறந்ததும் உள்ளே வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. எழுபதுகளில் ஒரு பங்குனி மாதத்துக் காலை. தூத்துக்குடியில் நான் கூட்டிப் பெருக்கி வேலை பார்த்த பெண்கள் கல்லூரியில், விலங்கியல் செய்முறைத் தேர்வு. பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு கறுப்பு மெழுகுத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் தண்ணீருக்கடியில் குண்டூசி குத்தி மல்லாத்திய ஒரு கரப்பான். அதன் எச்சில் சுரப்பியைச் சிதையாமல் பிரித்துக் காட்ட வேண்டும். எல்லாத் தட்டிலும் தேங்காயை அரைத்துக் கொட்டியதுபோல் கொழுப்பு அடைத்துக் கிடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "பூச்சிக்கு யாரு இப்படித் தீனி போட்டது?" என்று கேட்டபோது, வாசலில் வாளியோடு நின்ற நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

போட்டது நான்தான். கரப்பான் பிடிப்பதும் அங்கே என் பொறுப்பு. அதில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன். டப்பாவின் உள்விளிம்பில் தேங்காய் எண்ணெய் தடவி, வாழைப்பழத் தோலைப் போட்டு, துறைமுகத்துப் பக்கம் கருவாடு சேமித்து வைக்கும் கிட்டங்கியில் வைத்தால் போதும். உள்ளே இறங்கியது வழுக்கி ஏற முடியாது. மீசை முறியாமல், கால் உதிராமல் எடுப்பேன். அடிவயிற்றின் நுனி தோணியின் அடிபோல் இருந்தால் பொட்டை, அங்கே இரண்டு சின்ன முள் நீட்டியிருந்தால் ஆண் என்று பார்த்ததுமே பிரித்து வைப்பேன். வழக்கமாகத் தேர்வுக்கு முந்தின நாள்தான் பிடிப்பது. அந்த வருடம் கிட்டங்கியில் மருந்தடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூன்று வாரம் முன்பே பிடித்து வீட்டில் வைத்தேன். வீட்டுக்கு வந்த உயிரைப் பட்டினி போட மனம் வருமா? தவிடு, கருவாட்டுத் தூள், கனிந்த பழம். "ஏளா, ஒம் மாப்பிள்ளைக்கு என்னைக்காவது இப்படி ஆக்கிப் போட்டிருக்கியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

தேர்வாளர் இரங்கவில்லை. "எந்தப் பூச்சி குடுத்தாலும் அறுக்கத் தெரியணும். நேரத்துக்குள்ள எடுக்கலைன்னா மார்க் இல்ல" என்றார். உப்பளத்துக்காரர் மகள் ஒருத்தி சத்தமில்லாமல் அழுதாள். தவறினால் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிடுவேன் என்று அவள் அப்பா சொல்லியிருந்தது எனக்குத் தெரியும்.

அப்போதுதான் எங்கள் பேராசிரியை அம்மா எழுந்தார்கள். அவர்களுக்குச் சொந்த ஊர் பக்கத்திலுள்ள நாசரேத். என்னைவிட நாலு வயது இளையவர்கள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதே டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, தட்டில் குத்தி, தேர்வாளர் முன்னால் வைத்தார்கள். "ஐயா, ஒண்ணு திறந்து பாருங்க. ஒங்களுக்கு ஆகுற நேரத்தப் பிள்ளைகளுக்குக் குடுங்க. அதுக்கு மேல ஒரு நிமிசம் கேக்க மாட்டேன்."

அவர் கைப்பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கத்தரித்தார், கிளறினார். சட்டைக் காலர் நனைந்தது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமி, "அரைமணி நேரம் கூடுதலா எடுத்துக்கங்க" என்றார். அவர் தட்டில் சுரப்பி கடைசிவரை வரவில்லை. உப்பளத்துக்காரர் மகள்தான் எல்லாருக்கும் கடைசியாக முடித்தாள். கத்தியை வைத்துவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டே கொழுப்பைக் கழுவி, முழுசாக எடுத்திருந்தாள்.

மத்தியானம் எல்லாரும் போனபிறகு திட்டு வாங்கக் காத்து நின்றேன். அம்மா, "என்னக்கா போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்கள்.

"தவிடும் கருவாடும்தாம்மா."

சிரித்துவிட்டு, பிள்ளைகள் உட்காரும் முக்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்கள். மீந்த கரப்பான் ஒன்றைத் திறந்தார்கள். கத்தியைத் தொடவே இல்லை. ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சியே கொழுப்பைக் கழுவினார்கள். குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி அப்படி ஒரு நிதானம். பூப்போல இரண்டு கொத்து வெளியே வந்தது, பக்கத்தில் இரண்டு கண்ணாடிப் பை. அதுதான் எச்சில் சுரப்பி. இரைப்பைக்குள்ளே ஆறு பல் காட்டினார்கள். முதுகோரம் பதின்மூன்று அறை வைத்த இதயம். வயிற்றடியில், வலை முடிச்சுப்போல் முடிச்சு விழுந்த வெள்ளை நரம்பு. விலாவில் இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் துளை, மூச்சு விட. எங்கள் ஊர் ஆண்கள் மூச்சை அடக்கிக் கடலில் முங்கிச் சங்கெடுக்கிறார்கள். இதுவோ தலையை அறுத்தாலும் மூச்சு விடுகிற பிறவி.

"தீனி போட்டது ஒங்க தப்பில்லக்கா. ஆறு வருசமா நீங்கதான் கொண்டு வாரீங்க. உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளும் ஒங்களுக்குக் காட்டல. அது என் தப்பு" என்றார்கள். படித்தவர்கள் யாரும் அதுவரை என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

இப்போது கல்லூரிகளில் எதையும் அறுப்பதில்லையாம், கம்ப்யூட்டரில் படமாகப் பார்க்கிறார்களாம். பாவம், அந்த உயிர்கள் பிழைத்துப் போகட்டும். ஆனால் படத்துக் கரப்பானுக்கு யாரும் தவிடு போட்டிருக்க மாட்டார்கள். திறந்ததுமே எல்லாம் தெரிந்துவிடும். கத்தியை வைத்துவிட்டு, சொட்டுச் சொட்டாகக் கழுவிக்கொண்டு காத்திருந்த அந்த அரைமணி நேரம் இந்தப் பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கும்?