அரை டம்ளர் தண்ணீர்

வெம்பக்கோட்டை சாலையில் என் மெக்கானிக் பட்டறைக்கு வரும் ஒரு பிக்கப் வேன் டிரைவரின் காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். பட்டாசு லேபிள் அச்சடித்துக் கழித்த தாள்களின் பின்புறம் வரைந்துகொண்டே இருப்பார்: வெட்டி வெட்டி இழுக்காத வேறு இன்ஜின், கியர்பாக்ஸ், குலுங்காத ஸ்பிரிங் பட்டைகள்.

"பழைய வண்டிக்கு எதுக்கு இம்புட்டு? இரும்புக்குப் போட்டுருங்க" என்றேன்.

"குலுங்குற கிழட்டு வண்டியில வெடி லோடு ஏத்த மாட்டோம்னு கம்பெனியில சொல்லிட்டாக அண்ணாச்சி. அதே வாயால ஏத்தச் சொல்ல வைக்கேன், பாருங்க."

எல்லாம் மாற்றிய அன்று, விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய டம்ளரை வண்டியின் பின்புறம் கட்டி, குழிச்சாலையில் ஓட்டித் திரும்பினார். பாதி மிஞ்சியிருந்தது. நான் கைதட்டினேன்.

அவர் அதைக் குடித்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். "பாதி சிந்திருச்சு. ஸ்பிரிங் பட்டையை மறுபடி கழட்டுங்க."

கம்பெனிக்காரர்கள் பார்த்திருந்தால் அன்றே லோடு ஏற்றியிருப்பார்கள். அவர்தான் ஏற்ற விட்டிருக்க மாட்டார்.