தும்பை மார்க் பனியனுக்கு ஊர் ஊராய்க் கேட்ட அர்த்தங்கள்

பனியன் வியாபாரத்தில் ஒரு சங்கடம் உண்டு: எவ்வளவு நல்ல சரக்காக இருந்தாலும் வாங்கியவர் அதைச் சட்டைக்குள் மறைத்துவிடுவார். ஆகவே கடைக்காரர் வாயில் நிற்கிற பெயர் ஒன்றுதான் எங்களுக்கு விளம்பரம். அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு அறுபதுகள் முழுக்க நான் ஊர் ஊராக ஆர்டர் எடுக்கப் போனேன். சாம்பிள் பெட்டி தூக்கிக் கை மரத்துப்போனவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வதில் பாதி அவர்களுக்கும் நடந்திருக்கும்.

வேல் மார்க் வேண்டாம்

எங்கள் முதலாளி வேலுச்சாமி நெசவுக் குடும்பத்துக்காரர். தறியை விட்டுவிட்டுப் பனியன் மெஷினுக்கு வந்தவர். கிருத்திகை தவறாமல் மலையேறுவார். சொந்த மார்க் போடுவது என்று முடிவானதும், முருகனைத் தவிர வேறு பெயர் வராது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நானே வேல் படம் போட்டு ஒரு லேபிள் வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சலவை முடிந்த துணியை அப்போது ஆற்றோரப் புல்வெளியில்தான் காயப்போடுவோம். அங்கே மழைக்குப் பிறகு தும்பைச் செடி மண்டிக் கிடக்கும். ஈரத்துணி பக்கத்தில் அந்தப் பூ கிடந்தால் எது அதிக வெள்ளை என்று பார்க்கத் தோன்றும். முதலாளி ஒரு பூவைக் கிள்ளி வந்து மேஜைமேல் வைத்தார். "இதுதானுங்க நம்ம மார்க்கு" என்றார். வேலுக்கு என்ன குறை என்று கேட்டேன்.

"பனியன் கிழிஞ்சா பொம்பளைங்க அடுப்படியில பிடிதுணி ஆக்கிருவாங்க. முருகனை வெச்சு வடைச்சட்டி எறக்குனா என்னால தூங்க முடியாதுங்க."

வேறொரு பூ

மதுரைக்கு அனுப்பிய முதல் பேல் கட்டு என் மானத்தை வாங்கியது. சலவைப் பட்டறையில் அவசரத்தில் வெளுப்பு மருந்தைச் சரியாக அலசாமல் விட்டிருக்கிறார்கள். அனுப்பும்போது கண்ணைப் பறிக்கும் வெள்ளை. கடையில் அடுக்கி வைத்த சில வாரங்களில் மடிப்பு மடிப்பாக மஞ்சள் பூத்துவிட்டது. நான் அடுத்த ஆர்டருக்காகச் சிரித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். வாடிக்கையாளர்கள் வேறு நின்றுகொண்டிருந்தார்கள்.

தந்தி கொடுத்தேன். முதலாளியே அடுத்த ரயிலில் வந்து மொத்தத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார். ஊருக்குப் போனதும் பட்டறையில் ஒரு அலசு கூடுதலாகச் சேர்த்தார். பெயரை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தார். அதற்குக் காரணம், அன்று அந்தக் கடைக்காரர் பெட்டியைத் தள்ளிவிட்டுச் சொன்னது:

"அண்ணே, தும்பைப்பூன்னு எழுதி ஆவாரம்பூவை அனுப்பியிருக்கீக."

சந்தையில் கட்டிய துணி

காங்கேயம் பக்கம் ஒரு மாட்டுச் சந்தை. விவசாயிகள் கையில் காசு புழங்குகிற நாள் என்பதால் அங்கே ஒரு கடை போடச் சொன்னார் முதலாளி. "தும்பை வாங்குங்கள்" என்று பெரிய எழுத்தில் துணியில் எழுதிக் கட்டினேன். காலையிலிருந்தே கூட்டம். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் பனியனைத் தள்ளிவிட்டு, பெட்டிக்குப் பின்னால் எதையோ தேடினார்கள். ஒருவர், "நூலுங்களா, தேங்காநாருங்களா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பனியன் நூல்தான் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம்தான் விஷயம் விளங்கியது. மாடு கட்டுகிற கயிற்றுக்குத் தும்பு என்று பெயர். தும்பை வாங்குங்கள் என்றால் அங்கே கயிற்றை வாங்குங்கள் என்று அர்த்தம். 'தும்பை விட்டு வாலைப் பிடிப்பது' என்று சின்ன வயதிலிருந்து நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பூவை விட்டுவிட்டு ஏன் மாட்டு வாலைப் பிடிக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. துணியை அவிழ்க்கப் போனபோது, புதுக் காளையைக் கையில் பிடித்தபடி நின்ற ஒரு கவுண்டர் கேட்டார்:

"ஏனுங்க, தும்பை வாங்குன்னு எழுதிப்போட்டுப் பனியனைக் காட்டறீங்களே, இதையக் கொண்டி இவன் கழுத்துல மாட்டியுட்டா ஊடு வரைக்கும் வருவானுங்களா?"

பெங்களூரில் ஒரு பாராட்டு

பெங்களூர்க் கடைக்காரர் சாம்பிளைத் தொட்டதுமே "தும்பா... தும்பா..." என்று ஆரம்பித்தார். நம் மார்க் இங்கேகூடத் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆர்டர் எழுதப் பேனாவைத் திறந்தேன். கன்னடத்தில் தும்பா என்றால் 'ரொம்ப' என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் பனியனைத் தன் தொப்பைமேல் வைத்துப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடித்தார்:

"தும்பா சிக்கது." ரொம்பச் சின்னது!

கரூர் அண்ணன் தம்பி

கரூரில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய ஜவுளிக்கடை. ஆர்டர் கொடுக்கும் நேரத்தில் அண்ணன் விளையாட்டாக, "தும்பைன்னு ஏன் பேரு வந்துச்சு தெரியுமா? சாறெடுத்து மூக்குல உட்டா தும்மல் வருமில்ல, அதான்" என்றார். தம்பி விடவில்லை. "தும்மலாவது, ஒண்ணாவது! அந்தப் பூவைச் சுத்தித் தும்பி மொய்க்கும். தும்பிக்கான பூ தும்பை" என்றார். பேச்சு வளர்ந்தது. அண்ணன், தம்பியின் படிப்பை இழுத்தார். தம்பி, அப்பா காலத்துப் பாகப்பிரிவினை வரை போய்விட்டார். உள்ளூர அவர்களுக்குள் வேறு மனத்தாங்கல் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இருவரும் என் பக்கம் திரும்பி, மார்க் வைத்தவர்களுக்குத்தானே தெரியும், நீயே சொல் என்றார்கள்.

எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரு புலவரிடம் முன்பே கேட்டிருந்தேன். இரண்டும் கேட்க நன்றாக இருக்கிறது, இரண்டுக்கும் சாட்சி இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னால் இருவருமே ஆர்டரை ரத்து செய்வார்கள் என்று தோன்றியது. ஆனாலும் அதையேதான் சொன்னேன். பிறகு தம்பி ஆர்டர் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அண்ணன் சொல்ற தும்பையில ரெண்டு டஜன், நாஞ் சொல்ற தும்பையில ரெண்டு டஜன். பில்லுத் தனித்தனியாப் போட்டுருங்க."

ராமாத்தாள் பிரித்த தையல்

எல்லையில் சண்டை மூண்டிருந்த சமயம். தாராபுரத்தில் எங்கள் சரக்கை விற்கும் நாச்சிமுத்து கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கிராமத்திலிருந்து ராமாத்தாள் என்ற அம்மா பனியன் பொட்டலத்தோடு வந்தார். பின்னாலேயே அவர் மகன் தங்கவேலு. பட்டாளத்துக்காரன், லீவை ரத்து செய்து கூப்பிட்டுவிட்டார்கள், அன்று சாயங்காலம் ரயில்.

முந்தின நாள்தான் அவனுக்காக அரை டஜன் வாங்கிப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டுத் தமிழ் வாத்தியார் லேபிளைப் பார்த்துப் பூரித்துப்போய், பழைய காலத்தில் வீரர்கள் சூடிய பூவை வைத்தே என்ன போர் என்று சொல்லிவிடலாம் என்றாராம். மாடு கவரப் போனால் வெட்சி; இரண்டு படையும் களத்தில் நேருக்கு நேர் மோதினால் தும்பை. உங்கள் மகனுக்கு ஏற்ற பனியன் என்றாராம். "அப்பிடிப் பூ வெச்சுட்டுப் போனவங்க திரும்பி வந்தாங்களாங்க?" என்று இந்த அம்மா கேட்டிருக்கிறார். வாத்தியார் பெருமையாக, புறமுதுகு காட்ட மாட்டார்கள் என்று பதில் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் அந்தப் பொட்டலம் வீட்டில் தங்கவில்லை.

வேறு மார்க் கொடுக்க நாச்சிமுத்து தேடினார். தங்கவேலு நல்ல உயரம். அவன் அளவுக்கு எங்கள் சரக்கு ஒன்றுதான் இருந்தது. "அம்மா, அங்க குளிரு எலும்பைத் திங்குது. பேரு என்னவா இருந்தா என்ன?" என்றான் அவன்.

"உனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. எனக்கு இருக்குது" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, கத்தரி இருக்கிறதா என்று கேட்டார். சாம்பிள் பெட்டியில் இருந்த சின்னக் கத்தரியை எடுத்துக் கொடுத்தேன். கடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பனியனிலும் கழுத்துப் பட்டியில் இருந்த லேபிள் தையலைப் பிரித்தார். கண்ணீர் மறைத்ததால் ஒன்றில் துணியே கிழியப் பார்த்தது. மிச்சம் இரண்டை நான் வாங்கிப் பிரித்துக் கொடுத்தேன். என் பிழைப்பே அந்த லேபிளை விற்பதுதான். அன்று அது எனக்கு ஞாபகம் வரவில்லை. லேபிள்களைக் கடை மேஜைமேல் வைத்துவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகு தாராபுரம் போகும்போதெல்லாம் ஆர்டருக்கு முன்னால் அவனைப் பற்றித்தான் விசாரிப்பேன். நாச்சிமுத்து உதட்டைப் பிதுக்குவார். சண்டை நின்றது. அப்புறமும் தகவல் இல்லை. பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் கடைக்குள் நுழைந்தேன். ராமாத்தாள் உள்ளே நின்றிருந்தார். எனக்குப் பின்னால் வாசற்படியில் தங்கவேலு ஒரு காலைத் தாங்கித் தாங்கி ஏறிக்கொண்டிருந்தான். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். நாச்சிமுத்து பழைய நினைப்பில் அவசரமாக வேறு மார்க் பெட்டியை எடுத்து வைத்தார். ராமாத்தாள் அதைத் தள்ளிவிட்டார்.

"இந்தத் தடவ பேரோடவே குடுங்க சாமி. இனி இவன் ஊட்டுல இருந்துதான் உடுத்தப்போறான்."

பனியனை விற்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை; அதன் பெயருக்கு அர்த்தம் சொல்வதுதான் சம்பளத்தில் சேராத வேலை.