இரண்டு கட்டத்துக்கு நடுவுல

எங்க வீட்டுக்காரர் டிவி பார்க்கிற லட்சணத்தைப் பார்க்கணும்னா ஒரு சாயங்காலம் எங்க வீட்டுக்கு வரணும். சீரியல் ஓடிக்கிட்டிருக்கும், சத்தம் மட்டும் இருக்காது. மனுஷன் ரிமோட்டைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். "சத்தத்தை வைங்கப்பா, என்ன பேசுறாங்கன்னே தெரியல"ன்னு எங்க மக கத்துவா. "படத்தைப் பார்த்தே புரியணும். புரியலைன்னா அது படம் இல்ல, போட்டோ ஒட்டின ரேடியோ"ம்பார். காலேஜ்ல படிக்கிற பொண்ணு, அவ சும்மா விடுவாளா? தொடைக்கு அடியில கையை விட்டு ரிமோட்டைப் பிடுங்கப் பார்ப்பா. தினமும் இதே கூத்துதான்.

கொஞ்ச நேரத்துல அவரே குரல் கொடுக்க ஆரம்பிச்சிடுவார். கீச்சுக் குரல்ல, "அக்கா, உங்களுக்கே தெரியும், நான் உங்க தம்பி பொண்டாட்டி, இந்த வீட்டுக்கு மருமகளா வந்து மூணு வருஷம் ஆகுது." உடனே கட்டைக் குரல்ல, "எனக்குத் தெரியும்மா, டிவி பார்க்கிறவங்களுக்குத் தெரியாதே, அதனால இன்னொரு தடவை சொல்லு." நானும் மகளும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அப்புறம் சத்தம் வச்சுப் பார்த்தா, அந்தம்மா நிஜமாவே அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கும்.

சினிமாவுக்கு அவரைக் கூட்டிக்கிட்டுப் போறது அதைவிட வம்பு. எங்க அக்கா ஒரே ஒரு தடவை எங்களோட வந்தா. "இனிமே உன் புருஷன் வர்ற படத்துக்கு நான் வரலைடி, ஆளை விடு"ன்னுட்டா. அவருக்குப் படத்துல பிடிக்கிறதே ஹீரோ வர்றதுக்கு முன்னாடி இருக்கிற கொஞ்ச நேரம்தான். காலையில ஒரு தெரு, யாரோ கடையைத் திறக்கிறாங்க, யாரோ பஸ்ஸுக்கு ஓடுறாங்க, அதை வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்ப்பார். ஹீரோவோட ஷூ தெரிஞ்சதும், "போச்சு, வந்துட்டான்"னு சாய்ஞ்சுடுவார். யாராவது செத்து வயலின் வாசிச்சா, "செத்தவனுக்காக அழ எனக்குத் தெரியாதா? இவன் சொல்லிக்கொடுக்கணுமா?"ன்னு எரிஞ்சு விழுவார். முன் சீட்டுக்காரங்க திரும்பி முறைப்பாங்க, நான் தலையைக் குனிஞ்சுக்குவேன். விளம்பரத்தை மட்டும் குறை சொல்லமாட்டார். "சொல்ல வந்ததைச் சொல்லிட்டுப் போயிடுறான், நாகரிகம் தெரிஞ்சவன்"ம்பார்.

இவ்வளவு வாய் பேசுறவர் அப்படி என்ன கிழிச்சுட்டார்னு கேட்பீங்க. ஒரு வாரப் பத்திரிகையில காமிக்ஸ் எழுதினார். படம் போடுறவர் வேற ஒருத்தர். எந்தக் கட்டத்துல என்ன நடக்குது, யார் என்ன பேசுறாங்கன்னு எழுதிக் கொடுக்கிறது இவர். படம் வந்ததும், ஆளுங்க வாய்க்குப் பக்கத்துல வட்டமா விட்டிருக்கிற பலூனுக்குள்ள பேச்சை மையில எழுதுறது நான். கல்யாணத்துக்கு முன்னாடியே அந்தப் பத்திரிகையில எனக்கு அதுதான் வேலை. "இத்தனை வார்த்தையை இந்தப் பலூனுக்குள்ள எந்த மகராசன் திணிப்பான்?"னு நான் போட்ட சண்டையிலதான் எங்க கல்யாணமே முடிவாச்சு. அதுக்கப்புறம் அவர் வார்த்தையைக் குறைச்சுக்கிட்டே வந்தார். பேச்சே இல்லாத பக்கம்கூட வரும், எனக்கு அந்த வாரம் லீவு.

அந்தக் காமிக்ஸ்ல வர்றவன் பேர் சாவிக்காரன். பூட்டுத் திறக்கிற தொழிலாளி. சாவியைத் தொலைச்சவங்க கூப்பிடுவாங்க, பையைத் தூக்கிக்கிட்டுப் போவான், குனிவான். அடுத்த கட்டத்துல கதவு திறந்திருக்கும், அவன் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பான். அடுத்தவங்க வீட்டுக்குள்ள அவன் முதல்ல பார்க்கவே மாட்டான். உள்ள என்ன இருந்ததுன்னு வீட்டுக்காரங்க முகத்தை வச்சுத்தான் நமக்குத் தெரியும். அவ்வளவுதான் கதை. அதுல என்னடா இருக்குன்னு நானும் ஆரம்பத்துல நினைச்சேன். ஆனா டிவி, சினிமாகிட்ட வாய் பேசுறதோட சரி, இந்த மனுஷன் வாழ்க்கையில யாரையும் எதிர்த்துப் பேசினதில்ல, எதையும் தனக்குன்னு கேட்டு வாங்கினதில்ல. அவர் பத்திரமா வச்சிருந்தது அந்த ஒருத்தனைத்தான். அவனைப் பறிகொடுத்த கதையைத்தான் இப்போ சொல்ல வந்தேன்.

பத்திரிகை முதலாளி சாவிக்காரனை ஒரு டிவி கம்பெனிக்குக் கொடுத்துட்டார். கொடுக்க அவருக்கு உரிமை இருந்தது. பத்திரிகையில வர்றது பத்திரிகைக்குச் சொந்தம்னு ஆரம்பத்துலயே பேச்சு. டிவிக்காரங்க மரியாதைக்கு, முதல் வாரத்தை மட்டும் நீங்களே எழுதிக் கொடுங்கன்னு இவரைக் கேட்டாங்க. எங்க மகளுக்குத் தலைகால் புரியல. "அப்பா டிவிக்கு எழுதப் போறாரு"ன்னு காலேஜ் பூரா சொல்லிட்டா. இவரும் உள்ளூர சந்தோஷப்பட்டார். "நாம எழுதினா ஒழுங்கா வரும், பாரேன்"ன்னார்.

அவர் எழுதுற விதமே வேற. பீரோக் கண்ணாடி முன்னாடி நின்னு ஒவ்வொரு கட்டத்தையும் நடிச்சுப் பார்ப்பார். நடிச்சுக்கிட்டே ஒரு இடத்துல அப்படியே சிலையா நின்னுடுவார். "இங்கதான் நிக்கணுமா, இன்னும் கொஞ்சம் தள்ளியா?"ன்னு என்னைக் கேட்பார். நான் சமையல்கட்டுல இருந்தே, "இன்னும் கொஞ்சம் குனியுங்க, வயசானவன் மாதிரி தெரியுது"ம்பேன். டிவிக்கும் அப்படியே எழுதினார். கட்டம் கட்டமா. எனக்கும் அது தப்புன்னு தோணல, பாருங்க. இத்தனை வருஷமா கட்டத்துக்குள்ளயே குடித்தனம் பண்றவங்களுக்கு வேற என்ன தோணும்?

"நீயும் வா"ன்னு டிவி ஆபீசுக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போனார். சுத்திலும் கண்ணாடி வச்ச ரூம், ஏசி குளிர்ல பல்லு கிட்டிச்சு. டைரக்டர் ஒரு பொண்ணு. எங்க மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவளா இருப்பா. நல்ல பொண்ணு, எழுந்து நின்னு வரவேற்றா. அவர் எழுதினதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தா.

"சார், இங்க கதவு பூட்டியிருக்கு, சாவிக்காரன் குனியறாரு. அடுத்ததுல கதவு திறந்திருக்கு. நடுவுல என்ன சார் நடக்குது?"

"நடுவுலயா?"

"ஆமா சார். நடுவுல."

"நடுவுல வாசகர் இருக்காரும்மா. அவர் திறந்துக்குவார்."

அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தா. நான் மேஜையைப் பார்த்தேன். "எங்களுக்கு நடுவுல விளம்பரம்தான் சார் இருக்கு"ன்னா. இவர் விழுந்து விழுந்து சிரிச்சார். நான் மேஜைக்கு அடியில அவர் காலை மிதிச்சேன்.

"எப்படித் திறக்கிறாருன்னு மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க சார். ஷூட்டிங்ல எதையாவது காட்டியாகணுமே"ன்னு கெஞ்சாத குறையாக் கேட்டா. இவருக்குத் தெரியாததா? ஒரு பூட்டுக்காரர் கடையில நாள் கணக்கா உட்கார்ந்து பார்த்துட்டு வந்தவர். கம்பியை எப்படி விடணும், காதை எங்க வைக்கணும், எந்த இடத்துல மூச்சைப் பிடிக்கணும், எல்லாம் அத்துப்படி. சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷ வேலை. வீம்பு! "அதை எழுதக்கூடாதும்மா. எழுதினா கதை செத்துப்போயிடும்"னுட்டார்.

"சரி சார். நாங்க பார்த்துக்கிறோம்"னா அந்தப் பொண்ணு. வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினா.

சீரியல் ஆரம்பிச்ச அன்னைக்கு அக்காவும் வந்திருந்தா. அவரே ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை வச்சார். எனக்கு அதைப் பார்த்ததும் கண்ணு கலங்கிப் போச்சு. திரையில ஒரு கதவு. சாவிக்காரன் குனியறான். கம்பியை விட்டு ஆட்டுறான். நிமிர்றான். ரெண்டு எட்டு பின்னால போறான். மேளம் கொட்டுது. விட்டான் பாருங்க ஒரு உதை! கதவு சுக்குநூறாச்சு. அதை முன்னால இருந்து ஒரு தடவை, பக்கத்துல இருந்து ஒரு தடவை, கீழ இருந்து ஒரு தடவை காட்டினாங்க. அப்புறம் மார்பை நிமிர்த்திக்கிட்டு உள்ள போய் வீடு பூரா சுத்திப் பார்த்தான்.

அவர் முகத்துல ஈயாடல. "உதைச்சுத் திறக்கிறவனுக்கு எதுக்குடி சாவிப் பை?"ன்னு அக்கா கேட்டா. நல்ல மனசோடதான் கேட்டா. மக அவர் தோள்ல கையை வச்சா. அவர் ரிமோட்டைக் கீழ வச்சுட்டு, "நான் விட்ட இடத்துல காலை வச்சுட்டாங்க"ன்னார். "அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. கேட்டாங்க. நான்தான் சொல்லல."

சீரியல் பிச்சுக்கிட்டுப் போச்சு. முடிவெட்டப் போனவரை சலூன்காரர், "அந்த சீரியலைப் பார்த்துத்தான் நீங்க காமிக்ஸ் எழுதுறீங்களாமே?"ன்னு கேட்டிருக்கார். பாதி முடியோட எழுந்து வரவா முடியும்? ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டார். வாசகர்கள் பத்திரிகை ஆபீசுக்கு போன் மேல போன். உங்க சாவிக்காரன் ஏன் இப்படிச் சோப்ளாங்கியா இருக்கான், ஏன் உதைக்க மாட்டேங்கிறான்?

பத்திரிகை ஆசிரியர் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டார். அவரும் பாவம், கெட்டவர் இல்ல.

"ஒரே ஒரு உதை எழுத்தாளரே. ஒரே ஒரு கட்டம்."

"சார், உதைச்சா அவன் இல்ல சார் அது. வேற ஆள்."

"நீங்க மாட்டேன்னா வேற ஒருத்தரை எழுத வைக்கச் சொல்லி முதலாளி உத்தரவு. உதை எப்படியும் விழத்தான் போகுது. அது யார் எழுதின உதைன்னு நீங்க முடிவு பண்ணுங்க."

வீட்டுக்கு வந்தவர் டிவி பக்கமே போகல. சாப்பாட்டை அளைஞ்சுக்கிட்டே இருந்தார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "விட்டுத் தொலைங்களேன்! எவனோ எழுதிட்டுப் போறான். நான் அவனுக்குப் பலூன் எழுத மாட்டேன், போதுமா? ரெண்டு பேரும் வேற பிழைப்பு பார்ப்போம்"னு கத்தினேன்.

அவர் நிதானமாச் சொன்னார்: "வேற எவனாவது எழுதினா கதவுக்கு நடுவுல உதைக்க விடுவான். பூட்டுக்குப் பக்கத்துல உதைக்கணும்னுகூட அவனுக்குத் தெரியாது."

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். இந்த மனுஷனுக்கு அடக்கம் பண்ற பிணத்துக்குக்கூடச் சட்டை கசங்காம இருக்கணும்.

மறுநாள் பீரோக் கண்ணாடி முன்னாடி நின்னார். ஒரு கையால நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு காலைத் தூக்கினார். காலை இறக்கிட்டு மறுபடி தூக்கினார். "கோபமாத் தெரியுதா?"ன்னு கேட்டார். "தெரியுது"ன்னேன். "கோபம் கூடாது. பயம் தெரியணும்"னுட்டு மறுபடி தூக்கினார். நான் சமையல்கட்டுக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

அவர் எழுதின கதை இதுதான். ஒரு வீட்டுக் கதவுக்கு அடியில இருந்து புகை வருது. உள்ள ஒரு குழந்தை. அம்மா வெளிய மாட்டிக்கிட்டா. சாவிக்காரன் எப்பவும் போலக் குனியறான், கம்பியை விடுறான். முதல் தடவையா அவன் கை நடுங்குறதைக் காட்டுறார். அடுத்த கட்டம், கை நடுங்குது. அதுக்கு அடுத்த கட்டமும் கைதான். கம்பி கீழ விழுது. அப்புறம் உதைக்கிறான், சரியாப் பூட்டுக்குப் பக்கத்துல. கதவு திறந்ததும் அவன் முதுகைக் காட்டி நிக்கல. உள்ள ஓடுறான்.

பேச்சே கிடையாது. உதைக்கு மட்டும் சத்தம் எழுதணும். பலூன்ல எழுதி எழுதிப் பழகின கை, அவ்வளவு பெரிசா நான் எழுதினதே இல்ல. 'தடார்'னு கட்டத்தை அடைச்சு எழுதி, ஓரத்தை உடைஞ்ச கதவு மாதிரிச் சிலும்பலா இழுத்துவிட்டேன். கை தானாப் போச்சு. எழுதி முடிச்சதும் தள்ளி நின்னு பார்த்தேன், நல்லா இருக்கேன்னு ஒரு பெருமை. அந்தப் பெருமையை நினைச்சா இப்பவும் எனக்கு என் மேலயே வெறுப்பா இருக்கு.

இதழ் வந்தது. படம் போடுறவர் போன் பண்ணி, "பிரமாதம்யா, இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க இதை?"ன்னார். ஆசிரியர் போன் பண்ணி அடுத்த வாரத்துக்கு எந்தக் கதவுன்னு கேட்டார். எங்க மக இருக்காளே, அவ அப்பாவோட காமிக்ஸைச் சும்மா புரட்டிப் பார்க்கிறதோட சரி. அன்னைக்கு நின்னுக்கிட்டே படிச்சா. ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. "அப்பா, செம! நீங்க எழுதினதுலயே இதுதான் பெஸ்ட்டு!"

அவ கையில இருந்து இதழை வாங்கி ஒவ்வொரு பக்கமா மெதுவாப் பார்த்தார். அவ காலேஜுக்குக் கிளம்பிப் போனதும் என்கிட்ட நீட்டினார்.

"நல்லா வந்திருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர்கிட்ட வேலை விஷயத்துல நான் பொய் சொன்னதே இல்ல.

"நல்லா வந்திருக்குங்க. அவ சொன்னது நிஜம்தான். நீங்க எழுதினதுலயே இதுதான் நல்லா வந்திருக்கு."

"ம்"னார். "எனக்கும் அப்படித்தான் படுது."

அப்புறம் நாற்காலியில உட்கார்ந்து, முகத்தை ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டு, பெத்த பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார்.