நேர்ந்துவிட்ட நண்டு

அய்யா பிடிபட்ட சேதி வந்தபோது அம்மா நண்டு கட்டிக்கொண்டிருந்தாள். சேதி சொல்ல வந்தவர் சொல்லி முடிக்கும்வரை, கையிலிருந்த நண்டைத் தரையில் அழுத்திப் பிடித்தபடியே கேட்டாள். அவர் போன பிறகு அந்த நண்டையும் கட்டி முடித்துச் சாக்கில் போட்டாள். அப்புறம்தான் எழுந்து உள்ளே போனாள்.

எங்கள் ஊர் தொண்டிக்குத் தெற்கே, உப்பங்கழி வந்து கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் மண்டபத்தில் ஒரு விசைப்படகில் கூலிக்குப் போய்வந்தார். அந்தப் படகு எல்லை தாண்டிவிட்டது என்று அந்தப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். படகிலிருந்த எல்லோரும் அங்கே சிறையில் இருந்தார்கள். நான் அப்போது நாலாம் வகுப்பு. சிறை என்றால் எனக்குத் தெரிந்தது டிவி சீரியலில் வரும் கம்பிக் கதவுதான். அய்யா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாள் பூராவும் நிற்பார் என்று நினைத்துக்கொண்டேன். கால் வலிக்குமே என்பதுதான் என் கவலை.

பிடிபட்டவர்களின் வீட்டுப் பெண்களை எல்லாம் ராமநாதபுரத்துக்கு வேனில் கூட்டிப் போனார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனுக் கொடுத்தார்கள். மற்றப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள். கேமராவோடு வந்த ஒருவர் எங்கள் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். “கொஞ்சம் அழுதீங்கன்னா டிவியில போட்ருவோம்மா” என்றார் பணிவாக. அம்மா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு என் பின்னலைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். அவர் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவரிடம் போய்விட்டார். அன்று இரவு டிவியில் என் ஒரு காது மட்டும் தெரிந்தது.

கல்லு மனசுக்காரி என்று ஊரில் அவளுக்குப் பேர் வந்தது அதற்குப் பிறகுதான். கல் என்றால் உறுதியானதுதானே, அம்மாவைப் பாராட்டுகிறார்கள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நண்டு மாமாவுடையது. மாமா அம்மாவின் அண்ணன். கழிக்குள் கூண்டு போட்டுப் பிடிக்கிறவர்களிடம் சேற்று நண்டை உயிரோடு வாங்கி, சாயங்காலம் வேனில் மெட்ராசுக்கு ஏற்றி அனுப்புவார். அங்கிருந்து அது விமானத்தில் சிங்கப்பூர் போகும் என்றும், அங்கே பெரிய ஓட்டல்களில் அதைக் கண்ணாடித் தொட்டியில் போட்டு, சாப்பிட வருகிறவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள் என்றும் மாமா சொல்லியிருக்கிறார். வழியில் செத்துப்போன நண்டுக்கு விலை கிடையாது. அதனால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் இரண்டு கொடுக்குகளையும் மடக்கி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஈரச் சாக்கில் அடுக்க வேண்டும். அந்த வேலையை மாமா அம்மாவுக்குக் கொடுத்திருந்தார். அய்யா போன பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த நண்டுகளால்தான்.

அம்மா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாக்கில் தண்ணீர் தெளிப்பேன். கட்டிய நண்டுகள் அசையாமல் கிடக்கும். வாயில் மட்டும் நுரை வந்துகொண்டே இருக்கும். சாக்கை விலக்கினால் குச்சி போன்ற கண்கள் ஒரே நேரத்தில் எழும்பும். என் நிழல் விழுந்தால் உடனே படுத்துக்கொள்ளும். ஒரு சனிக்கிழமை, நண்டு ஒன்று மட்டும் என் நிழலுக்குக் கண்ணை மடக்காமல் என்னையே பார்த்தது. அல்லது அப்படி எனக்குத் தோன்றியது.

அய்யா திரும்பி வந்தால் காளியம்மனுக்குக் கிடாய் விடுவதாக அம்மா ஏற்கனவே நேர்ந்திருந்தாள். ஒரு கறுப்புக் குட்டி ஊருக்குள் யார் வீட்டு வேலியையும் மேய்ந்துகொண்டு திரிந்தது. நேர்ந்துவிட்டது என்பதால் யாரும் விரட்டுவதில்லை. அது எனக்குப் பிடித்த ஏற்பாடாக இருந்தது. ஆனால் அதில் ஒரு குறை இருப்பதாகப் பட்டது. காளியம்மன் கோயில் இருப்பது மேட்டில், வயலைப் பார்த்தபடி. அய்யா இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம். ஆட்டை நேர்ந்துவிட்டால் கடலுக்கு எப்படித் தெரியும்? கடலுடையதைக் கடலுக்கே விட்டால்தானே அது நம் ஆளை விடும்?

அந்த நேரத்தில் அம்மாவுக்குப் போன் வந்தது. எங்கள் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. பேசுவதென்றால் தெருக்கோடியில் இருக்கும் கருவேல மரத்தடிக்குப் போக வேண்டும். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினாள். நான் என்னையே பார்த்த அந்த நண்டை இடுக்கியால் தூக்கி என் சாப்பாட்டுக் கூடையில் போட்டுக்கொண்டு, வீட்டின் பின்பக்கமாகக் கழிக்கு ஓடினேன்.

நீர் வற்றி இறங்கியிருந்தது. கரையில் சேறும் சிப்பியுமாகக் கிடந்தது. கணுக்கால் தண்ணீரில் கூடையைக் கவிழ்த்தேன். நண்டு விழுந்த இடத்திலேயே கிடந்தது. “எங்க அய்யாவ விட்ரு” என்று தண்ணீரிடம் சொன்னேன். கேட்காமல் போய்விடக் கூடாது என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். ஓர் அலை வந்து மூடியதும் நண்டின் பின்கால்கள் அசைந்தன. கட்டிய கொடுக்குகளை முன்னால் வைத்துக்கொண்டே பக்கவாட்டில் தத்தித் தத்திக் கலங்கலுக்குள் போனது. காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷமாக, காலைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா அதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள். போனில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சாக்கைப் பார்த்துச் சொன்னாள்: “காவல இன்னும் நீட்டிச்சுட்டாகளாம்.” பிறகு சாக்கை விலக்கினாள். தன் கையால் கட்டிய நண்டுகளை அவளுக்கு அடையாளம் தெரியும்.

“இங்கன இருந்த பெருசு எங்கடி?”

“நேந்துவிட்டுட்டேன்.”

“எத?”

“நண்டத்தாம்மா. அய்யா வர்றதுக்கு.”

கன்னத்தில் அறை விழுந்தது. அம்மா என்னை அதிகம் அடித்ததில்லை. அதனால் வலியைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. “மாமா வந்து கேட்டா என்னடி சொல்லுவேன்? இருக்கிற ஒரு பொழப்பையும் கெடுக்கப் பாத்தியாடி?” என்றாள். இன்னொரு அறைக்குக் கை ஓங்கியவள் அப்படியே நிறுத்தினாள்.

“கட்ட அவுத்தா விட்ட?”

“இல்லம்மா. அவுத்தா கடிச்சிரும்ல.”

அம்மா கையை இறக்கினாள். “கட்டோட விட்டா அது எப்படித் திங்கும்? எதாச்சும் வந்தா என்னத்த வச்சுத் தடுக்கும்?” என்றாள். என்னைப் பார்த்து அவள் கேட்டதாகத் தெரியவில்லை. கழி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் வேன் வருகிற நேரம் அது. கட்ட வேண்டிய நண்டுகள் இன்னும் கூடையில் கிடந்தன.

“கத்திய எடு. எங்கன விட்ட, காட்டு.”

பிடித்துக்கொண்டு வரத்தான் போகிறாள் என்று நினைத்து நான் வழியெல்லாம் கெஞ்சினேன். அம்மா நடையை நிறுத்தவில்லை. சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நான் காட்டிய இடத்தில் நண்டு இல்லை. குனிந்து, கையால் கலங்கலை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கொஞ்ச தூரம் தள்ளி, பழைய வலை ஒன்று சுற்றிக் கிடந்த கல்லின் இடுக்கில் அது இருந்தது. போக வழி இருந்தும் போகாமல் கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மா முதுகுப்பக்கமாகப் பிடித்துத் தூக்கினாள். முதல் கொடுக்கின் கயிற்றை அறுத்தாள். அது விரியாமல் மடங்கியபடியே இருந்தது. இரண்டாவதையும் அறுத்துவிட்டு நண்டைத் தண்ணீரில் வைத்தாள். அப்போதுதான் அது சட்டென்று திரும்பி அவளுடைய இடதுகை விரலைப் பிடித்துக்கொண்டது.

நான் வீறிட்டேன்.

“கத்தாத. தண்ணிக்குள்ள வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா அதுவா விட்ரும்” என்றாள் அம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு, கையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடி அப்படியே குந்தினாள். சேலை முழுவதும் நனைந்தது. முதலில் சத்தமே இல்லை. பிறகு அவளுடைய தோள் குலுங்கியது. பிறகு நான் அதுவரை கேட்டேயிராத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மற்றவர்கள் அழுததைவிடப் பெரிய அழுகை. வாயை மூடக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

“ரொம்ப வலிக்குதாம்மா?”

“ஆமாத்தா. வலிக்குது.”

“இன்னும் விடலையா?”

அவள் இல்லை என்பதுபோலத் தலையாட்டினாள். ரோட்டில் மாமாவின் வேன் ஹாரன் கேட்டது. “மாமா வந்துட்டாகம்மா” என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் ஹாரன் கேட்டது. நான் அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் அம்மாவை விட்டுவிடும்படி அந்த நண்டிடம் அழுதேன். வெயில் தணிகிறவரை நாங்கள் இரண்டு பேரும் தண்ணீரில் இருந்தோம்.

முற்றத்தில் மாமா நண்டுக் கூடைப் பக்கத்தில் நின்றிருந்தார். “ஒண்ணு செத்துப்போச்சுண்ணே, தூக்கிப் போட்டுட்டேன்” என்றாள் அம்மா. செத்ததைக் காட்டாமல் போட்டால் மாமா யாரையும் விடமாட்டார். அன்று அவர் அம்மாவின் ஈரச் சேலையையும், ரத்தம் கசிந்த விரலையும், முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “மஞ்சள வச்சுக் கட்டு” என்று சொல்லிவிட்டு, மிச்ச நண்டுகளைத் தானே உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தார்.

அய்யா மழைக்காலம் முடிந்துதான் வந்தார். படகை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஆள் பாதியாக இருந்தார். கடலுக்குப் போகிற பேச்சையே எடுக்கவில்லை. வாசலில் யார் குரல் கேட்டாலும் உள்ளே போய்விடுவார். காளியம்மனுக்குக் கிடாயை வெட்டினார்கள். நண்டு செய்த காரியத்துக்கு அதை ஏன் வெட்டினார்கள் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

கறிச்சோறு தின்ற அன்று ராத்திரி, நான்தான் அவரை மீட்டேன் என்பதை அய்யாவிடம் சொன்னேன். நண்டை விட்டது, அறை வாங்கியது, கயிற்றை அறுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

“அம்மாவ அது பிடிச்சிருச்சுய்யா. வேன் வந்து ஹாரன் அடிச்சும் விடல. பொழுது எறங்குற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அம்மா எப்படி அழுதுச்சு தெரியுமா?”

அய்யா சிரிப்பதை நிறுத்தினார். சிறுவயதிலிருந்து கழியில் நண்டு பிடித்து வளர்ந்தவர் அவர். தண்ணீருக்குள் விட்ட நண்டு எவ்வளவு நேரம் ஒரு விரலைப் பிடித்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா திரும்பவில்லை. காலியாகிவிட்ட சட்டியை அகப்பையால் வழித்துக்கொண்டே இருந்தாள்.

நான் சொன்னதை அய்யா நம்பவில்லை போலும் என்று நினைத்து, “நெசமாய்யா, நானே பாத்தேன்” என்றேன்.