கழுத்து வில்லை

அன்னத்தாய் போன மாதம் செத்துப்போனாள். கல்லறைக்குப் போனவர்கள் ஒன்பது பேர். அவள் கழுத்தில் கிடந்த பித்தளை வில்லையைக் கழற்றிவிட்டுப் புதைப்பதா, அப்படியே புதைப்பதா என்று அங்கே ஒரு பேச்சு எழுந்தது. உபதேசியார் நேசையன், அப்படியே இருக்கட்டும் என்றார். அந்த வில்லை எப்படி அங்கே வந்தது என்பதை முழுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதுகிறேன்.

நான் டவுன் ஆபீசில் நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்தவன். எந்த ஊர் ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை. ராஜபாளையத்துக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நினைத்துக்கொள்ளட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ராஜபாளையம் என்று நினைத்துக்கொள்ளட்டும். பெயர் எழுதினால் மட்டும் யாருக்கும் வெட்கம் வந்துவிடப் போகிறதா?

அன்னத்தாய்க்குச் சொந்த ஊர் சோழபுரம். பதினாறு வயதில் வேதசிரோமணிக்கு வாழ்க்கைப்பட்டாள். கல்யாணமான மறு வருஷம் அவன் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவுக்குக் கப்பலேறினான். அங்கேயே காய்ச்சலில் செத்தான். நாலு வருஷம் கழித்து, யுத்தத்தில் செத்தவர்கள் வீட்டுக்குச் சர்க்கார் அனுப்புகிற, உள்ளங்கையை மறைக்கிற அளவிலான ஒரு வெண்கலத் தகடு தபாலில் வந்தது. அதில் ஒரு சிங்கம், சூலம் பிடித்த ஒரு பெண், இங்கிலீஷில் அவன் பெயர். வாசிக்கத் தெரியாதவள் அதைக் கூரைக்கம்பில் தொங்கவிட்டிருந்தாள். பென்சன் விசாரிக்க வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். சர்க்கார் கொடுத்த பொருளைக் காற்றிலும் புகையிலுமா விடுவது, பெட்டியில் வைத்துப் பூட்டு, கேட்கும்போது எடுத்துக் காட்டு என்றார். மறு வருஷம் அவர் வந்தபோது பெட்டியைத் திறந்து, சேலைத் துண்டில் சுற்றியிருந்ததை எடுத்துக் காட்டினாள். சபாஷ் என்று சொல்லிவிட்டுப் போனார். சர்க்காரிடமிருந்து அவள் படித்த பாடம் இது ஒன்றுதான். அதையும் சரியாகப் படித்திருந்தாள்.

சேத்தூர் ரோட்டோரம், ஊர் முடிகிற இடத்தில் அவள் குடிசை. பத்துப் பன்னிரண்டு ஆடுகள் வைத்துப் பிழைத்தாள். மலையடிவாரத்திலிருந்து நரி வந்து குட்டிகளைத் தூக்கும். நாய் இல்லாமல் ஆகாது. தெலுங்கு பேசும் ராஜுக்கள் தங்கள் வீட்டு வெள்ளை நாய்க் குட்டிகளை வெளியாளுக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் அந்த நாய்ச் சாதியில் ஈற்றுக்கு ஒன்றிரண்டு செவிடாகப் பிறக்கும். குட்டிகளின் பின்னால் தாம்பாளத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். திரும்பாத குட்டியை வைத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படித் திரும்பாத ஒன்றைத்தான் அன்னத்தாய் கேட்டு வாங்கி வந்தாள். காது கேட்காத நாய் காவலுக்கு எதற்கு என்று குட்டியைக் கொடுத்த ராஜுவே தெலுங்கும் தமிழுமாகச் சிரித்தாராம்.

சிரித்தது தப்பு என்று பிறகு தெரிந்தது. அந்த நாய்க்கு மூக்கு இருந்தது, கால் இருந்தது. அவள் தரையை இரண்டு முறை மிதித்தால் எங்கே படுத்திருந்தாலும் எழுந்து ஓடிவரும். மூன்று வருஷத்தில் ஒரு குட்டிகூட நரிக்குப் போகவில்லை. அதற்குச் செல்லையா என்று பெயர் வைத்திருந்தாள். செவிட்டு நாய்க்குப் பெயர் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். கூப்பிட எனக்கு ஒரு பேர் வேண்டாமா என்றாள்.

1934-இல் வெறிநாய் கடித்து ஊரில் இரண்டு பேர் செத்தார்கள். உடனே ஆபீசில் நாய் விதிகள் வந்தன. மொத்தம் பதினொன்று. லைசென்ஸ் வாங்க வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், நம்பர் அடித்த பித்தளை வில்லை தரப்படும், அதை நாயின் கழுத்தில் கட்ட வேண்டும், கட்டாத நாய் தெருவில் கண்டால் அடிக்கப்படும் என்று போகும். அதை அழகான கையெழுத்தில் நகல் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டியவன் நான். தண்டோரா போடுகிறவர் வந்து, பதினொன்றையும் கத்த மூச்சுக் காணாது, சுருக்கிக் கொடுங்கள் என்றார். சாப்பாட்டு நேரம், எனக்குப் பசி. “நாய் வைத்திருப்போர் எல்லாரும் ஆபீசுக்கு வந்து வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்காத நாய் அடிக்கப்படும்” என்று எழுதிக் கொடுத்தேன். கழுத்து என்ற சொல் சுவரில் இருந்தது, தெருவுக்குப் போகவில்லை. சுவரை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனை பேர்?

அன்னத்தாய் முதல் ஆளாக வந்து வாங்கினாள். பியூன் கண்ணுச்சாமி வில்லையை அவள் கையில் வைத்து, பத்திரம் தாயி, தொலைத்தால் மறு வில்லை கிடையாது என்றான். அவள் நேரே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, புருஷனுடைய தகட்டோடு நாயின் வில்லையையும் சேலைத் துண்டில் சுற்றிப் பூட்டினாள்.

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை உப்பு வாங்கக் கடைத்தெருவுக்கு வந்தாள். செல்லையா வெளியே படுத்திருந்தது. கண்ணுச்சாமியும் கம்புக்காரர் இருவரும் நாய் பிடிக்கிற வண்டியோடு வந்தார்கள். மற்ற நாய்கள் அந்த வண்டிச் சத்தத்துக்கே சந்துக்குள் ஓடிவிடும். இது கண்ணை மூடிப் படுத்திருந்தது. கழுத்தில் கம்பிச் சுருக்கு விழுந்த பிறகுதான் எழுந்தது. அன்னத்தாய் ஓடிவந்து அதன் மேல் விழுந்தாள்.

“அண்ணாச்சி, நீங்கதான வில்லைய என் கையில தந்தீய. வீட்ல பத்திரமா இருக்கு. செத்த நேரம் பொறுங்க, எடுத்துட்டு வாரேன்.”

சரி, ஓடு என்றான் கண்ணுச்சாமி. போக ஒரு மைல், வர ஒரு மைல். பதற்றத்தில் பெட்டிச் சாவி கைக்கு அகப்படவில்லை. பூட்டைக் கல்லால் உடைத்தாள். துணி முடிச்சை அவிழ்க்கவும் நிற்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு, செல்லையா, செல்லையா என்று கத்திக்கொண்டே திரும்ப ஓடிவந்தாளாம். வழியில் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

வண்டி போய்விட்டிருந்தது. கடை வாசலில் ரத்தத்தின் மேல் யாரோ மண் போட்டிருந்தார்கள். கண்ணுச்சாமி மட்டும் நின்றான். ஒரு பீடி குடிக்கிற நேரம் பொறுத்தேன் தாயி, இன்னும் நாலு தெரு பாக்கி கிடக்கு என்றான். அவனை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? எய்ததில் எனக்கும் பங்கு உண்டு.

அங்கிருந்து அவள் ஆபீசுக்கு வந்தாள். அழவில்லை. ஹெட் கிளார்க் பால்ச்சாமி பிள்ளை விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வில்லையை நாயின் கழுத்தில் கட்ட வேண்டும் என்ற நாலாவது விதியை வாசித்துக் காட்டினார். பெட்டியில் இருக்கிற வில்லை பெட்டிக்குத்தான் லைசென்ஸ் என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். பிறகு இன்னும் ஒரு பக்கம் புரட்டிவிட்டு, நாய் செத்துப்போனால் வில்லையை ஆபீசில் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒன்பதாவது விதி, கொண்டு வந்திருக்கிறாயா என்று கையை நீட்டினார்.

அன்னத்தாய் முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். பெரிய தகடும் சின்ன வில்லையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

“எம் புருசன் செத்ததுக்கு இதத் தந்தீய. நாய் செத்ததுக்கு இதக் கேக்கீய. ஒண்ணுதான் வேணும்னா பெருச வச்சிக்கிடுங்க.”

சின்ன வில்லையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பிள்ளை தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பைலில் சேர்ப்பது என்று என்னைக் கேட்டார். இன்று வரையில் அது எந்தப் பைலிலும் சேராமல் அலமாரிக்குள் கிடக்கிறது. நான் தலையைக் குனிந்து நகல் எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வாயைத் திறந்து, தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நாய் வந்திருக்காது என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது செல்லவில்லை.

அந்த மழைக்காலத்தில் நரி நாலு குட்டிகளைத் தூக்கியது. மிச்சத்தை அவள் விற்றுவிட்டுப் பஞ்சு மில்லில் கழிவு பொறுக்கப் போனாள். வேறு நாய் வளர்க்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து மில் வாசலில் அவளைப் பார்த்தேன். கறுப்புக் கயிற்றில் கோத்த வில்லை அவள் கழுத்தில் கிடந்தது. நம்பர் தெளிவாகத் தெரிந்தது. நானே பதிவேட்டில் எழுதிய நம்பர். என்ன அன்னத்தாய் இது, பார்க்கிறவர்கள் பைத்தியம் என்று நினைக்க மாட்டார்களா என்று கேட்டேன்.

அவள் வில்லையை விரலால் தூக்கிக் காட்டினாள்.

“கழுத்துல கெடந்தா அடிக்க மாட்டாவளாமே, ஐயா. நீங்கதான செவுத்துல எழுதியிருக்கீய.”