ஒரு சஹனுக்கு ஆறு பேர்

ஒழுக்காற்றுப் பொறுப்பாசிரியர் வேலை என்றால் ஊர்ச் சண்டையையெல்லாம் சம்பளத்துக்குத் தீர்ப்பது. அந்தத் தலையிடி வாய்த்த ஆசிரியர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

புத்தளத்தில், பாலாவிப் பக்கத்தில் எங்கள் பாடசாலை. பிரம்பை வைத்துவிட்டு, நோகடித்தவனையும் நொந்தவனையும் வட்டமாக இருத்திப் பேசவிடுங்கள் என்று ஒரு பயிற்சியில் சொல்லி அனுப்பினார்கள். முதல் வழக்கு எட்டாம் வகுப்பு ஸஃப்ரி. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம். அவன் பிறந்ததென்னவோ புத்தளத்தில்தான். ஆனாலும் வகுப்பில் ரிஸ்கானும் கூட்டாளிகளும் அவனை 'அகதி' என்றே கூப்பிட்டார்கள். இனிப் பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேன் என்று ஸஃப்ரி நின்றான்.

டஸ்டர்

டஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம் என்பது வட்டத்தின் விதி. அதை நான் கையில் எடுத்ததுமே எல்லாத் தலைகளும் குனிந்தன. எங்கள் கணக்கு சேர் டஸ்டரை எடுத்தால் அது பறக்கும், அந்தப் பழக்கம். ரிஸ்கான் தலையைப் பொத்திக்கொண்டே கேட்டான்:

"சேர், ஆருக்கு எறியப் போறீங்கன்டு முன்னுக்கே சொல்லுங்களன், மத்த ஆக்கள் நிமிந்து இருக்கலாம்."

வாப்பா

ரிஸ்கானின் வாப்பா உப்பு லொறி ஓட்டுகிறவர். அவரையும் அழைத்து மகன் செய்ததைச் சொன்னேன். வட்டமாகக் கிடந்த கதிரைகளைப் பார்த்தார். பிறகு அலுமாரிக்கு மேலே பிரம்பைத் தேடினார். பேசித் திருத்துவோம் என்றேன்.

"நான் பேசாமலா சேர் இரிக்கன்? தொண்டையே போச்சு. கண்ண மட்டும் விட்டுட்டு நீங்க அடிங்க, மிச்சத்த வூட்ட வச்சி நான் பாத்துக்கிறன்."

எழும்பிப் போனவர்கள்

அடுத்த வட்டத்தில்தான் ஸஃப்ரி வாய் திறந்தான். பட்டப்பெயர்கூடப் பரவாயில்லையாம். போன வருட மீலாத் விழாவில், ஆறு பேர் சேர்ந்து சாப்பிடும் சஹனில் அவன் வந்து உட்கார்ந்ததும் ரிஸ்கான் உட்பட மற்ற ஐந்து பேரும் எழும்பிப் போய்விட்டார்களாம். அவ்வளவு பெரிய தட்டுக்கு முன்னால் பிள்ளை தனியே இருந்திருக்கிறான். டஸ்டரை வாங்க யாரும் கை நீட்டவில்லை. கடைசியில் ரிஸ்கான் வாங்கினான், நிலத்தைப் பார்த்தபடியே கேட்டான்:

"அண்டைக்கு நீ சாப்பிட்டியாடா?"

இந்த வருட மீலாத்

ரிஸ்கானே ஸஃப்ரியைக் கையைப் பிடித்து இழுத்துச் சஹனில் தன் பக்கத்தில் இருத்தினான். தண்ணீர் கொடுக்கும் சாட்டில் நான் அந்தச் சஹனையே சுற்றிச் சுற்றி வந்தேன். ஒருவரும் எழும்பவில்லை. சற்று நேரத்தில் ஸஃப்ரி மட்டும் நெய்க் கையோடு ஓடிவந்தான். திரும்பவும் ஏதோ நடந்துவிட்டதென்று தண்ணீரைக் கீழே வைத்தேன்.

"சேர், ரிஸ்கான் என்ட பக்கத்து இறைச்சியையும் எடுக்கிறான், என்னன்டு கேளுங்க!"

முறைப்பாடே வராத பாடசாலை வேண்டுமென்று வட்டம் போட்ட நான், இந்த ஒரு முறைப்பாட்டைக் கேட்ட சந்தோஷத்தில் விசாரிக்கவே மறந்துபோனேன்.