துண்டு மடிக்கும் ஷாஸ்லி

பெரிய துண்டை நீளவாக்கில் சுருட்டி, ஒரு முனையைப் பிரித்து வாயாக்கிக் கட்டிலின் நடுவில் போட்டால் முதலை. அறைக்காரரின் மூக்குக்கண்ணாடி மேசைமேல் கிடந்தால் அதை எடுத்து முதலைக்கு மாட்டிவிடுவார் ஷாஸ்லி. புதுமணத் தம்பதி என்றால் முதலை கிடையாது. இரண்டு அன்னங்கள், மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு. வேலை முடிந்ததும் ஒரு கொட்டாவி. அது வராமல் அவர் எந்த அறைக் கதவையும் சாத்தியதில்லை.

லுக்ஸருக்கும் அஸ்வானுக்கும் இடையே ஆற்றில் போய்வரும் ‘நீல ராணி’ சுற்றுலாக் கப்பலில் நடுத்தளத்து அறைகள் எல்லாம் அவர் பொறுப்பு. விருந்தாளிகள் மேல்தளத்தில் சாய்ந்துகொண்டு, கரையோரம் நகர்ந்து போகும் கோயில்களையும் மலையில் குடைந்த கல்லறைகளையும் பார்த்து, மனித வாழ்வு எத்தனை சிறியது என்று பெருமூச்சு விடுவார்கள். ஷாஸ்லி அவர்களுடைய ஈரத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போவார். கல்லறைகளைப் பற்றி அவருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு.

“குடுத்து வச்ச மகராசனுங்க. மூவாயிரம் வருஷமா ஒருத்தனும் எழுப்பல. எழுப்ப வந்தவனுக்கும் சாபம் எழுதி வச்சிட்டுல்ல படுத்திருக்கானுங்க!”

தூக்கம் அவருக்குக் கிடைக்கிற இடத்தில் கிடைக்கும். படிக்கட்டின் திருப்பத்தில், சமையலறை வாசலில், தொழுகை முடிந்த பாயில். தட்டி எழுப்பினால், “தூங்கலப்பா, கண்ணுக்கு ஓய்வு குடுத்தேன்” என்பார். விடியுமுன் கோயில் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குக் கதவு தட்ட வேண்டும். நள்ளிரவுக்குப் பின்னும் குடித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பனிக்கட்டி கொண்டுபோக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருப்பதைத்தான் அவர் தூக்கம் என்று சொல்லிக்கொள்கிறார்.

இந்தத் தூக்கம்தான் அவருடைய குடும்பத்தில் மண்ணைப் போட்டது. போன விடுப்பில் வீட்டுக்குப் போனபோது மாமனார் வீட்டில் மைத்துனியின் கல்யாண மருதாணி இரவு. நாற்காலி இறக்க வேண்டிய ஷாஸ்லி உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மனைவி நவ்வாரா பொறுத்துப் பார்த்துவிட்டு, உறவுப் பெண்கள் நாலு பேர் பின்தொடர, வந்து உலுக்கினாள். ஷாஸ்லி கண்ணைத் திறக்காமலே எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்துக் குனிந்து, “எஸ் மேடம், ரூம் இப்ப கிளீன் பண்ணட்டுமா, அப்புறம் வரட்டுமா?” என்று கேட்டுவிட்டார்.

அன்று இரவு முழுவதும் பாட்டுக்கு நடுவே பெண்கள் அவளை “மேடம், மேடம்” என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்துச் சமாளித்தாள். கல்யாணம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள் காலை மகன் ஹம்ஸாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். “என் வீடு இந்த மனுஷனுக்கு இன்னொரு ரூம். அவ்வளவுதான்” என்று அவள் சொன்னதாகக் கேள்வி. ஷாஸ்லியை அதிகம் சுட்டது அந்த வார்த்தைதான். ஏனென்றால் அது பொய்யில்லை.

கோபித்துக்கொண்டு போன மனைவியை அழைத்துவரப் புருஷன் நேரில் போக வேண்டும், பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு. எல்லோர் முன்னாலும் அவள் தலையில் முத்தமிட்டுத் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். நவ்வாரா போனை எடுப்பதில்லை. மாமனார் ஹாஜி தசூகி எடுத்தார்.

“போன்ல சொல்லி வரவழைக்க எம் பொண்ணு என்ன பார்சலா மாப்ளே? ஆளோட வா. நோன்பு தொடங்குற வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல அவளை உன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், ஆமா.”

மேலாளரிடம் விடுப்புக் கேட்டால், கப்பல் நிறைந்து ஓடுகிறது, நோன்புக்குள் பேச்சே இல்லை என்றார். கொடுமை என்னவென்றால் மாமனார் வீடு ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. சில்சிலாவின் பாறைக் கோயில்களைத் தாண்டியதும் மேற்குக் கரையில் கரும்புத் தோட்டம், அதையொட்டி வீடு. செவ்வாய்க்கிழமைதோறும் மாலையில் கப்பல் அதைக் கடந்துதான் போகிறது, நிற்காமல். அந்நேரத்தில் ஷாஸ்லி புகைபோக்கிக்குப் பின்னால் மறைந்து நின்றுகொள்வார். சலவைக்குப் போகும் அயலாரின் உள்ளாடையைச் சுமந்து நிற்பதை மாமனார் வீட்டார் பார்க்கக்கூடாதாம்.

கப்பலை ஓட்டும் மாலுமித் தலைவர், ‘ரயீஸ்’ உவைஸும் அந்தப் பக்கத்து ஆள்தான். சுக்கான் முன்னால் சம்மணமிட்டுத் தேநீர் உறிஞ்சிக்கொண்டே யோசனை சொன்னார்.

“ஹம்ஸா அம்மா அந்நேரம் கரையிலதான பாத்திரம் கழுவும்? மேல போய் எல்லாருக்கும் தெரியுற மாதிரி நில்லு. கையைத் தூக்கித் தலையில வையி. ‘தப்பு என் தலைமேல’ன்னு அதுக்குப் புரியும்.”

“இத்தனை வெள்ளைக்காரன் முன்னாடியா, ரயீஸே? எம் மானம் என்னாவுறது?”

“பொண்டாட்டிய மேடம்னு ஊர்ப் பொம்பளைங்க முன்னாடி கூப்பிட்டியே, அது யாரு மானம்டா?”

நோன்புக்கு முந்தைய கடைசிச் செவ்வாய்க்கிழமை ஷாஸ்லி முகம் மழித்துக்கொண்டார். சட்டையைத் தேய்த்துப் போட்டார். எட்ஃபு கோயில் பார்த்தவர்கள் திரும்பி ஏறியதும் அவர்களுக்குத் துண்டு எடுக்கச் சலவை அறைக்குப் போனார். உலர்த்தியிலிருந்து அப்போதுதான் எடுத்த துண்டுகள் இளஞ்சூட்டோடு மலையாகக் கிடந்தன. கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று சாய்ந்தார்.

அவரை எழுப்பியது கப்பலின் ஊதல். உவைஸ் கை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார். ஷாஸ்லி எழுந்து ஓடினார். ஒரு காலில் செருப்பு இல்லை, தோளில் யாருடைய துண்டோ தொங்கியது. மேல்தளத்து முன்பக்கம் போய்ச் சேர்ந்தபோது வீடு பின்னால் போய்க்கொண்டிருந்தது. நாற்காலிகளையும் நீட்டிய கால்களையும் தாண்டிப் பின்பக்கக் கம்பியைப் பிடித்தார்.

கரையில் நவ்வாரா நின்றிருந்தாள், இடுப்பில் ஹம்ஸா. ஊதல் சத்தத்துக்கு மாமனாரும் அக்கம்பக்கத்தாரும் வெளியே வந்து நின்றார்கள். ஷாஸ்லி வலது கையைத் தலையில் வைத்தார். எடுத்து மறுபடி வைத்தார்.

“என்ன செய்கிறார் இவர்?” என்று ஒரு ஜெர்மன் அம்மாள் கேட்டாள்.

“பழைய கோயில்களுக்கு மரியாதை, மேடம். எங்க வழக்கம்” என்றார் வழிகாட்டி ஃபிக்ரி, சற்றும் தயங்காமல். பத்துக் கேமராக்கள் திரும்பின.

நவ்வாரா அசையவில்லை. அவருடைய கலைந்த தலையையும், செருப்பில்லாத காலையும், தோளில் தொங்கிய துண்டையும் பார்த்தாள். ஒரு கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள்: இன்றைக்குமா தூங்கிவிட்டாய்?

இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். அத்தனை தூரத்தில் பொய்க்கும் மெய்க்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. ஷாஸ்லி ஆமாம் என்று தலையசைத்தார்.

பின்னாலிருந்து ஹாஜி தசூகி ஏதோ கத்தினார். நவ்வாரா திரும்பவில்லை. கழுவிய பாத்திரங்களை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கப்பல் போகிற திசையில் கரையோரமாக நடக்கத் தொடங்கினாள்.